சாயிப்புக் கடை நாடா

சாப்பாட்டு மேஜைக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்தே வயதைத் தொலைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஹோட்டலுக்கு வருகிறவர் அங்கே சமைத்ததைச் சாப்பிட வருவதில்லை, தன் வீட்டில் சாப்பிட்டதையே இன்னொருவர் கையால் சாப்பிட வருகிறார். உங்களில் யாராவது தோளில் துண்டும் கையில் தட்டுமாக நின்றவர்கள் இருந்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். நாம் ஒரே கட்சி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பரிமாறியது மட்டாஞ்சேரியில், ஓர் இத்தாலிக்காரரின் கடையில். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மீசை முளைத்த கையோடு சேர்ந்தவன், அறுபதுகள் முடியும்வரை அங்கேயே கிடந்தேன். முதலாளியின் பெயர் ஜியோவானி. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளைத்தோல் யாராக இருந்தாலும் அங்கே சாயிப்புதான். ஆகவே அவர் சாயிப்பு, கடை சாயிப்புக் கடை. கப்பலில் சமையல்காரராக இருந்து, யுத்தத்தில் இங்கிலீஷ்காரர்களிடம் பிடிபட்டு, வடக்கே ஏதோ கேம்பில் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர். விடுதலையானதும் ஊருக்குக் கப்பலேறக் கொச்சிக்கு வந்தார். ஏறவில்லை. தோப்பும்படிப் பெண்ணான பிலோமினா சேச்சியைக் கண்டதுதான் காரணம் என்று சேச்சியே பெருமையாகச் சொல்வார். சாயிப்பு பாதி மலையாளத்தைச் சேச்சியிடமும் பாதித் தமிழை என்னிடமும் கற்றுக்கொண்டு, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இத்தாலி மொழி.

கடையில் முக்கியமாக ஒரே ஒரு பண்டம்தான். மைதாவில் வாத்து முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, அகலமாகத் தேய்த்து, விரல் அகலத்துக்கு நீளநீளமாக அறுத்துக் காயவைத்து, பிறகு வேகவைத்து, மேலே தக்காளியும் மீனும் சேர்ந்த குழம்பை ஊற்றுவது. அதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார். எங்கள் வாயில் நுழையவில்லை. பார்க்கக் கட்டில் நாடா மாதிரி இருந்ததால் நாடா என்று வைத்தோம். அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாராம். நான் சேர்ந்த புதிதில் இத்தாலிக் கப்பலில் கரி தள்ளுகிற ஆள் ஒருவர் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாடாவைப் பாதி சாப்பிட்டவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். காரம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் சாயிப்பும் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அந்த ஆள் இத்தாலியில் வேறு ஏதோ மூலையாம். அவருக்கே இப்படியென்றால் தன் சொந்த ஊர்க்காரன் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் அன்று முதல் சாயிப்பின் ஒரே கனவு. இத்தாலிக் கப்பல் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் வில்லிங்டன் ஐலண்டில் நின்று சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடும், ஆட்கள் மட்டாஞ்சேரிப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஆனாலும் கடை திறக்கும்போதெல்லாம் அவர் இதைத்தான் சொல்வார்:

"எங்க ஊர்க் கப்பல் ஒரு நாள் வரும், மணி. அவங்க இங்க உட்கார்ந்து சாப்பிட்டு, இது நம்ம வீடுன்னு சொல்லணும். எனக்கு அது மதி, அது போதும்."

மழைக்காலத்து மணம்

நாடா காய வெயில் வேண்டும். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் கொச்சியில் உடுத்த வேட்டியே காயாது, நாடா எங்கே காயும்? இரண்டு நாளில் பச்சைப் பூஞ்சை பூத்துவிட்டது. சாயிப்பு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் அப்பா பஜார் ரோட்டில் ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். மழைக்காலத்தில் சுக்குக்கு ஈரம் தட்டாமல் இருக்க அங்கே ஓர் அறையை இறுக்க மூடி, உள்ளே கரிச்சட்டி வைத்திருப்பார்கள். அப்பாவிடம் கெஞ்சி, அந்த அறையில் கயிறு கட்டி நாடாவைத் தொங்கவிட்டோம். மொறுமொறுவென்று காய்ந்தது. கூடவே சுக்கு மணமும் ஏறிக்கொண்டது. சாயிப்பு முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். மழை முடிகிற வரைக்கும்தான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மழையும் முடிந்தது. நாடா மறுபடி எங்கள் மாடி வெயிலில், ஒரு மணமும் இல்லாமல், சாயிப்பின் மனசுப்படி காய்ந்தது. முதல் நாளே குரியன் மாஷ் கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். மாஷ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மதியம் தவறாமல் எங்கள் கடைதான். எதிலும் குறை கண்டுபிடிப்பார், ஆனால் தட்டைக் காலி செய்த பிறகுதான் அதைச் சொல்வார். அவர் சொன்னதை நான் அப்படியே அடுப்படிக்குக் கொண்டு போனேன். அதுதானே என் வேலை. சாயிப்பு கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். வாடிக்கைக்காரரை இழக்கவும் மனசில்லை. அன்று முதல் மாவில் ஒரு நுள்ளு சுக்குப்பொடி விழ ஆரம்பித்தது. மாஷ் சொன்னது இவ்வளவுதான்:

"மழை நின்னதோட உங்க சாயிப்போட கைப்பக்குவமும் நின்னுபோச்சல்லோ, மணி."

சாயிப்பு வீட்டுப் பிள்ளை

ஆலிவ் எண்ணெய் இல்லாமல் நாடா இல்லை என்பது சாயிப்பின் சட்டம். ஆரம்பத்தில் ஐலண்டில் ஒரு கப்பல் ஸ்டோர்காரர் தகர டின்னில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஊரைவிட்டுப் போனதும் அந்த வழி அடைபட்டது. பிறகு ஆலிவ் எண்ணெய் கிடைத்த ஒரே இடம் மருந்துக் கடை. கைக்குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டச் சின்னச் சின்னக் குப்பியில் விற்பார்கள். நான் படகேறி எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய், ஒரு கடையில் இருக்கிற குப்பி அத்தனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். கடைக்காரர் ஷேணாய் வாய் ஓயாத மனிதர். யாருக்கு இவ்வளவு என்று கேட்டார். மட்டாஞ்சேரி சாயிப்புக்கு என்றேன். சமையலுக்கு என்று சொன்னால் சாயிப்பு மருந்தை ஊற்றிச் சமைக்கிறான் என்று ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவராகவே சாயிப்புக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். போகும்போதெல்லாம் பிள்ளை யார் ஜாடை, ராத்திரி தூங்குகிறதா, யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று ஒரே விசாரிப்பு.

சாயிப்புக்கும் சேச்சிக்கும் பிள்ளை இல்லை. சேச்சி நேர்ந்துகொள்ளாத மாதாகோவில் அந்தப் பக்கத்தில் கிடையாது. நான் ஒரு நாள் புத்தியில்லாமல் ஷேணாய் கதையை அடுப்படியில் வேடிக்கையாகச் சொல்லப்போக, சேச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு குப்பியும் சரியாகக் கிடைக்காமல் போயிற்று. தேங்காயெண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்தோம். யாரும் குறை சொல்லவில்லை. இப்போதுதான் தொண்டையில் சுகமாக இறங்குகிறது என்றார்கள். நாளடைவில் பாதி முழுசாகிவிட்டது. தேங்காயெண்ணெய் வந்தபின் சேச்சிக்குக் கை சும்மா இருக்குமா? சாயிப்பு திரும்பி நிற்கிற நேரம் பார்த்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டுவிடுவார். பொரிகிற சத்தம் கேட்டுச் சாயிப்பு திரும்பினால், சேச்சி விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார். ரொம்ப நாள் கழித்து ஒரு வேலையாகப் பிராட்வேயில் நடந்து போன என்னைக் கடைக்குள்ளிருந்தே அடையாளம் கண்டு ஷேணாய் கூப்பிட்டுக் கேட்டார்:

"எண்ணெய்க்கு வரக் காணலியே, மணி? சாயிப்போட குட்டி நடக்கத் தொடங்கியாச்சோ?"

தோப்பும்படி முதலாளி

எங்கள் கடைக்கு மீன் கொடுத்தவர் தோப்பும்படி அந்திரயோஸ் முதலாளி. சொந்தமாகப் படகு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வந்து, தான் விற்ற மீனைத் தானே விலைகொடுத்துச் சாப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு கௌரவம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். பிடித்ததால் அல்ல. மீனைத் தக்காளியில் போட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பழத்தில் யாராவது மீனைப் போடுவார்களா என்று என்னைப் பிடித்துக்கொள்வார், ஏதோ நான் போட்ட மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்த் தக்காளி லாரி வரவில்லை. கையிலிருந்த தக்காளியோ தண்ணீராக இருந்தது. புளிப்பும் இல்லை, நிறமும் இல்லை. இதைக் கேள்விப்பட்ட முதலாளி, சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். பிரித்தால் கறுப்பாகக் குடம்புளி, அந்தப் பக்கத்து மீன்குழம்பில் போடுகிற காய்ந்த புளி. எத்தனை ஞாயிறாக அதைப் பையிலேயே சுமந்துகொண்டு வந்தாரோ தெரியாது. ஒரு சுளை போடச் சொல் என்றார். சாயிப்பு முதலில் இத்தாலி மொழியில் ஏதோ கத்தினார். பிறகு வேறு வழியில்லாமல் ஒரு சுளையைக் கிள்ளிப் போட்டார். கொதித்ததும் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தார். மறுபடி நக்கினார். இன்னும் ஒரு சுளையைப் போட்டார். அடுத்த வாரம் லாரி ஒழுங்காக வந்தது. ஆனால் புளி போன பாடில்லை. அன்றைக்கு முதலாளி தட்டை வழித்து, விரலை ஒவ்வொன்றாகச் சூப்பிவிட்டுச் சொன்னார்:

"இன்னைக்காணு மீன் செத்ததுக்கு ஒரு அர்த்தம் உண்டானது, மணியே."

புது மாப்பிள்ளை மேஜை

கல்யாணமான புதிதில் ஜோடியாக வருகிறவர்களுக்கு ஜன்னலோர மேஜை. ஒரு நாள் வங்கியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பெண்ணுக்கு முள்கரண்டி பிடிபடவில்லை. நாடா வழுக்கி வழுக்கி விழுந்தது. அவன் பெரிய மனுஷனாட்டம் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் துருவிய தேங்காயை மேலே தூவினேன். அந்த இடத்தில் முன்பு பாலாடைக் கட்டிதான் தூவுவோம். அது கிடைக்காமல் போய், வறுத்த தேங்காய்த் துருவல் வந்து, பிறகு வறுப்பதும் நின்று வெறும் துருவலாகியிருந்தது. அவன் கை கழுவ எழுந்து போன நேரத்தில் அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நான் தமிழ் பேசுகிறவன் என்ற தைரியத்தில் மெதுவாகக் கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சேச்சி வீட்டுக்கென்று வைத்திருந்ததில் இரண்டை வறுத்துக் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிட்டார். அப்புறம் என்ன, அடுத்த வாரத்திலிருந்து எல்லா மேஜைக்கும் வைக்க வேண்டியதாயிற்று. அவள் கேட்டது:

"அண்ணா, இவருக்குத் தெரியாம ஒரு மோர்மிளகாய் வறுத்துத் தர முடியுமா?"

கட்டன் காப்பி

யூதத் தெருவிலிருந்து ஏலியா முதலாளி காலையில் வருவார். மிளகுத் தரகர். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. அவர்கள் மதத்தில் சாப்பாட்டு நியமம் கடுமை. வெளியே எங்கேயும் சாப்பிட மாட்டார். தன்னுடைய கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அதில் பால் விடாத கட்டன் காப்பி மட்டும் குடிப்பார். அடுப்படிக்கு நேரே இருக்கும் மேஜைதான் அவருக்கு வேண்டும். எத்தனையோ வருஷம் அங்கே உட்கார்ந்தும் நாடா எப்படி இருக்கும் என்று அவர் நாக்குக்குத் தெரியாது. சாயிப்புக்கு அவர்மேல் தனி மரியாதை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதிகம் பேசாமலே நேரம் போக்குவார்கள்.

அவர்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். கடைசியில் இவர் முறையும் வந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் வழக்கம்போல வந்து, காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் துணியில் சுற்றாமல் அப்படியே மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, ரகசியம் மாதிரிச் சொன்னார்: "நான் இங்க வாசனை மட்டும்தான் சாப்பிட்டது, மணி. ஆரம்பத்தில இந்த அடுப்படியில வேறொரு வாசனை உண்டாயிருந்து. எனக்கு அது ஓர்மை உண்டு. அது எவிடப் போச்சு?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் தினம் அதற்குள்ளேயே நின்றவர்கள். எங்கள் மூக்குக்கு அது எப்போதும் ஒரே வாசனைதான்.

அவர் போன பிறகு சாயிப்பிடம் சொன்னேன். சாயிப்பு குனிந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை. அன்று ஒருவேளை கைவேலையைப் போட்டுவிட்டு அவரைத் தெருமுனைக்குள் பிடித்து, எந்த வாசனை, எதுபோல இருந்தது என்று சாயிப்பு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சாயிப்பு சொன்னது இது:

"சாப்பிடாத ஆள் சொல்றதை எல்லாம் நீ இங்க கொண்டு வரவேண்டா, மணி."

சொந்த ஊர்க் கப்பல்

அதற்கும் சில வருஷம் கழித்து ஒரு நாள் அந்திரயோஸ் முதலாளி மூச்சிரைக்க வந்தார். ஐலண்டில் ஓர் இத்தாலிக் கப்பல் நிற்கிறது, அதன் செராங், அதாவது கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரி, நம்ம சாயிப்பின் ஊர்ப் பெயரைச் சொன்னான் என்றார். சாயிப்பு கையில் இருந்த கரண்டியை அடுப்பிலேயே போட்டுவிட்டார். முதலாளியிடமே அழைப்புச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் மதியம் கடையில் வேறு யாருக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டோம். குரியன் மாஷ்கூட வாசலிலிருந்து திரும்பிப் போனார், முறைத்துக்கொண்டே. சாயிப்பு சவரம் செய்துகொண்டு, கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட முடியவில்லை. சேச்சி அவர் தோளைத் தட்டி, காரத்தைக் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டார். சாயிப்பு ஆச்சரியமாகப் பார்த்து, இதில் காரம் எங்கே இருக்கிறது என்றார். உண்மையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஐந்து பேர் வந்தார்கள். செராங் நரைத்த மனிதர், சாயிப்பின் வயதுதான் இருக்கும். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசினார்கள். நடுநடுவே கையால் காற்றில் ஒரு கோவிலைக் கட்டினார்கள், படிக்கட்டு வைத்தார்கள், மூலையில் ஒரு ரொட்டிக் கடை வைத்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்த ஊர் கண்ணில் தெரிந்தது. நான் நாடாவைப் பரிமாறினேன். சாயிப்பு உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். என் வாழ்க்கையில் ஒரு தட்டை அவ்வளவு பயத்தோடு நான் கீழே வைத்ததில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள். வேர்த்தது, தண்ணீர் குடித்தார்கள், சிரித்தார்கள், மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டு பளிச்சென்று ஆயிற்று. யாரும் அழவில்லை. நான் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன். செராங் எழுந்து சாயிப்பின் கையைப் பிடித்து நிறையப் பேசினார். சாயிப்பு சிரித்தார், தலையாட்டினார், படகுத்துறை வரை போய் அவர்களை ஏற்றிவிட்டு வந்தார்.

வந்தவர் செராங் உட்கார்ந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது கரி தள்ளுகிறவர் அழுத அன்றுதான், அதற்குப் பிறகு ஏலியா முதலாளியோடு. சேச்சி, என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டார். சாயிப்பு மேஜைத் துணியை நீவிவிட்டுக்கொண்டே, ரொம்ப நிதானமாக, எங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்:

"நல்ல ருசியாம். இந்த நாட்டுச் சாப்பாடு இத்ர நல்லா இருக்கும்னு அவனுக்குத் தெரியாதாம். நாளைக்குச் சாயந்திரம்தான் கப்பல் கிளம்பும், அதுக்கு முந்தி வந்தா நம்ம ஊர் நாடா ஒரு தட்டு செஞ்சு தருவியான்னு கேட்டான்."

மறுநாள்

விடிவதற்கு முன்பே சாயிப்பு அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். சுக்கில்லாத மாவு, புளியில்லாத குழம்பு. என்னை முதல் படகில் பிராட்வேக்கு விரட்டினார். ஷேணாய்க்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அலமாரியில் தேடி ஒரே ஒரு குப்பி ஆலிவ் எண்ணெய் எடுத்துக் கொடுத்து, இரண்டாவது குட்டியா என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்தேன். சேச்சி கறிவேப்பிலைப் பாத்திரத்தைத் தானே எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றுகொண்டார்.

சாயிப்பு செய்தார், ருசி பார்த்தார், கொட்டினார். மறுபடி செய்தார். உப்பைக் கூட்டினார், பூண்டைக் குறைத்தார், தக்காளியைச் சுட்டுப் பார்த்தார். ஏதோ ஒன்று இல்லை என்று நாக்கு சொல்கிறது, ஆனால் அந்த நாக்கு கேட்பது குடம்புளியை. அது அவருக்கே தெரிந்துவிட்டது. கரண்டியைச் சேச்சியிடம் நீட்டினார், என்னிடம் நீட்டினார். நீ சேர்ந்த வருஷம் இது எப்படி இருந்தது, சொல்லு மணி, என்று கேட்டார். நான் கண்ணை மூடி யோசித்தேன். வாயில் சுக்கும் புளியும் மோர்மிளகாயும்தான் வந்தது. அந்த வாசனையை ஞாபகம் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் கடல் தாண்டிப் போய்விட்டார். எனக்குத் தெரியவில்லை சாயிப்பே என்றேன். என்னை அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி என்று மட்டும் சொன்னார். வந்து அழைத்துப்போகிறேன் என்று செராங்கிடம் சொல்லியிருந்தும் படகுத்துறைக்கு அவர் போகவில்லை. சாயங்காலம் கப்பலின் சங்கு ஊதியபோது பாத்திரம் கழுவுகிற சத்தத்தைச் சேச்சி வேண்டுமென்றே பெரிதாக்கினார். மறுநாள் குழம்பில் புளி விழுந்தது, மாவில் சுக்கு விழுந்தது, நாடா பழையபடி ஓஹோ என்று விற்றது. அதற்குப் பிறகு தன் ஊர்க் கப்பலைப் பற்றிச் சாயிப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு நாள் மதியம் மட்டும், கொட்டியது போக மிஞ்சிய கடைசித் தட்டு குரியன் மாஷுக்குப் போயிற்று. முந்தின நாள் திருப்பி அனுப்பியதற்குச் சமாதானம் செய்ய வேண்டுமே என்று நானே கொண்டுபோய் வைத்தேன். பரிமாறும் வேலையில் வாடிக்கையாளர் சொன்ன எத்தனையோ வார்த்தைகளைத் தட்டோடு தட்டாக நான் அடுப்படிக்குக் கொண்டு போயிருக்கிறேன். அன்று மாஷ் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நிஜமான அக்கறையோடு சொன்னதை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டேன்:

"சாயிப்புக்கு சுகமில்லையோ, மணி? இன்னைக்கு வேற யாரோ சமைச்ச மாதிரி உண்டு."

இப்படியாக, மட்டாஞ்சேரி சாயிப்புக் கடையில் வாடிக்கையாகச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் அவரவர் ஊர்ச் சாப்பாடு வயிறாரக் கிடைத்தது, அடுப்படியில் நின்ற ஒருவரைத் தவிர.